மழைக்கு முன் காலுக்குக் காப்பு: பூட்ஸ், செருப்பு தேர்ந்தெடுக்கும் முறை

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் விவசாயிகள் வரப்பைச் சீர் செய்கிறார்கள். வாய்க்காலைத் தூர் வாருகிறார்கள். விதையும் உரமும் வாங்கி வைக்கிறார்கள். ஆனால் புயல் இரவில் மாடு கத்தினால், அல்லது மோட்டார் கொட்டகையின் கூரை பறந்தால், அவசரமாக வெளியே வைக்கும் காலில் எதைப் போட்டுக் கொள்வது என்பதைப் பெரும்பாலோர் முன்கூட்டி யோசித்து வைப்பதில்லை. கையில் கிடைத்த ஹவாய் செருப்பு, அதுவும் கிடைக்காவிட்டால் வெறுங்கால் என்பதே பல வீடுகளில் வழக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, உள்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தையும் கடுமையாகத் தாக்கியது. தென்னை, பலா, மா மரங்கள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்களில் பல நாட்கள் விளக்கு எரியவில்லை. மரம் விழுந்து அடைபட்ட பாதைகளில் நடந்துதான் போக வேண்டியிருந்தது. இத்தகைய நாட்களில் உடைந்த ஓடு, தகரத் துண்டு, ஆணி, முள், அறுந்த கம்பி இவை யாவும் இருட்டில் காலடியில்தான் கிடக்கின்றன. குளத்தூர் தாலுகாவின் தலைமையிடமான கீரனூரைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களிலும் ஏரிப் பாசன வயல்களிலும் பாடுபடும் சிறு விவசாயிகளுக்கு இது நல்ல பாடம். காலில் காயம்பட்டவர் மாட்டையும் காப்பாற்ற முடியாது, மறுநாள் வேலைக்கும் போக முடியாது.

காலுக்கு வரும் ஆபத்துகள்

முதலாவது பாம்பு. 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணித்துள்ளது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே பெரும்பாலான உயிர்ச் சேதத்துக்குக் காரணம். வரப்பில் நடக்கும்போதும் வைக்கோலை அள்ளும்போதும் மிதிபட்ட பாம்பு பாதத்திலும் கணுக்காலிலும்தான் பெரும்பாலும் கடிக்கிறது. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டு முதல் பாம்புக்கடி, மருத்துவமனைகள் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது.

இரண்டாவது, தேங்கிய நீர். வெள்ள நீரில் எலிகளின் சிறுநீர் கலந்திருந்தால், காலில் உள்ள சிறு கீறல் வழியாக எலிக் காய்ச்சல் கிருமி உடலுக்குள் நுழையும். மூன்றாவது, ஈர மண். வெறுங்காலுடன் அசுத்தமான மண்ணில் நடப்பவர்களின் தோலைத் துளைத்துக் கொக்கிப்புழு புகுந்து, நாளடைவில் இரத்த சோகையை உண்டாக்குகிறது. நான்காவது, முள்ளும் துருப்பிடித்த ஆணியும். கீரனூர் பகுதியில் எங்கும் முளைத்துள்ள சீமைக் கருவேல முள், மெல்லிய ஹவாய் செருப்பின் அடியைத் துளைத்துப் பாதத்தில் ஏறிவிடும். ஆழமான குத்துக் காயத்தால் இரணஜன்னி வரக்கூடும்.

எந்த வேலைக்கு எது?

ஒரே செருப்பு எல்லா வேலைக்கும் பொருந்தாது. ஆனால் சிறு விவசாயி நான்கு ஜோடி வாங்கவும் முடியாது. இரண்டு ஜோடி இருந்தால் பெரும்பாலான தேவைகள் தீரும்.

முதல் ஜோடி, அன்றாடம் காய்ந்த நிலத்தில் நடப்பதற்கான கெட்டியான செருப்பு. பழைய டயரில் தைத்த செருப்பு முள்ளைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். வார்கள் பாதத்தை அறுக்காமல் இருக்கிறதா என்றும், ஆணித்தலை உட்புறம் நீட்டியிருக்கிறதா என்றும் கையால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். பின்வார் உள்ளதாக இருந்தால் ஓடும்போதும் கழலாது.

இரண்டாவது ஜோடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வரும் ரப்பர் பூட்ஸ். இதைக் கம்பூட்ஸ் என்றும் சொல்வார்கள். மழை இரவு, வைக்கோல் போர், புதர் வெட்டுதல், சாக்கடை நீர், மருந்து தெளிப்பு, புயலுக்குப் பின் குப்பை அகற்றுதல் ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது.

சேறு கலக்கிய நடவு வயலில் பூட்ஸ் போட்டு வேலை செய்வது கடினம். சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும். காலை எடுத்தால் பூட்ஸ் வயலிலேயே நின்றுவிடும். பர்மாவில் நெல் விவசாயிகளைக் கண்ணாடி விரியனிடமிருந்து காப்பதற்குப் பூட்ஸைச் சோதித்தவர்கள், விவசாயிகள் அதை விரும்பிப் போடுவார்களா என்பதையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். வசதியில்லாத காப்பு பரணில்தான் கிடக்கும். ஆகவே நடவு வயலில் பழைய வழக்கப்படி இறங்கலாம். ஆனால் வயல் வரை போவதற்கும், வரப்பில் நடப்பதற்கும், கதிர் அறுப்புக்கும், இரவில் மடை திருப்புவதற்கும் காலில் காப்பு இருக்க வேண்டும். விளை நிலத்தை மதித்து செருப்பைக் கழற்றும் வழக்கம் உள்ளவர்களும், இருட்டில் நடக்கும் வழியில் அதைக் கழற்ற வேண்டியதில்லை.

கடையில் கவனிக்க வேண்டியவை

பூட்ஸில் ரப்பர், பி.வி.சி. என்று இரு வகைகள் உண்டு. ரப்பர் பூட்ஸ் நன்கு வளையும். நடக்க இதமாக இருக்கும். கிழிந்தால் சைக்கிள் பஞ்சர் கடையில் டியூப் துண்டும் சொல்யூஷனும் வைத்து ஒட்டலாம். ஆனால் டீசலும் எண்ணெயும் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பி.வி.சி. பூட்ஸ் எண்ணெயைத் தாங்கும். ஆனால் கிழிந்தால் பஞ்சர் சொல்யூஷன் அதில் சரியாகப் பிடிக்காது. எஞ்சினுடன் அதிகம் பழகுபவர் பி.வி.சி. வகையையும், நடை அதிகம் உள்ளவர் ரப்பர் வகையையும் வாங்குவது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ரப்பர் பூட்ஸுக்கு ஐ.எஸ். 5557 என்ற எண்ணும், பி.வி.சி. பூட்ஸுக்கு ஐ.எஸ். 12254 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடிபாடுகளில் அடிக்கடி வேலை செய்பவர்கள், அடித்தட்டில் எஃகுத் தகடு வைத்த வகையைக் கேட்டு வாங்கலாம். ஆணி அதைத் துளைப்பது கடினம்.

அடிப்பாகத்தில் பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். நெருக்கமான சிறு பள்ளங்களில் களிமண் அடைத்துக் கொண்டால் வரப்பில் வழுக்கும். குதிகாலில் தனி மேடு இருந்தால் சரிவில் இறங்கும்போது பிடிப்பு கிடைக்கும். பூட்ஸை நன்றாக வளைத்துப் பார்க்க வேண்டும். மடிப்பில் வெடிப்புக் கோடு தெரிந்தால் அது பழைய சரக்கு. உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளைகள் தெரிந்துவிடும்.

அளவு சரியாக இருக்கிறதா?

பூட்ஸின் உழைப்பு ரப்பரில் பாதி என்றால் அளவில் பாதி. பகல் முழுவதும் நடந்த பின் பாதம் சற்று வீங்கும். எனவே மாலையில் போய் வாங்குவது நல்லது. வேலையின்போது போடப்போகும் பருத்தி உறையுடன் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருக்காது; பெரிய காலுக்கு ஏற்றபடி வாங்க வேண்டும்.

நிமிர்ந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். நடக்கும்போது குதிகால் அதிகம் மேலே எழும்பக் கூடாது. எழும்பினால் கொப்புளம் வரும். குந்தி உட்கார்ந்து எழுந்து பார்க்க வேண்டும். பூட்ஸின் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தக் கூடாது. ஒரே எண் இரண்டு கம்பெனிகளில் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆகவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

கடைக்கு வர முடியாதவர், காகிதத்தில் காலை ஊன்றிப் பென்சிலால் வரைந்து, வெட்டிக் கொடுத்தனுப்பலாம். அந்தக் காகிதம் பூட்ஸினுள் மடங்காமல் படுக்க வேண்டும்.

களை எடுப்பதும் அறுப்பதும் பெரும்பாலும் பெண்களே. ஆனால் கடைகளில் ஆண்கள் அளவுகளே அதிகம். பெரிய பூட்ஸில் துணியை அடைத்துப் போட்டுக் கொண்டால் தடுக்கி விழ நேரிடும். சிறிய அளவைக் கேட்டு வரவழைத்து வாங்குவதே முறை.

நீரிழிவு நோய் உள்ளவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் ஏறியதும் தெரியாது. கொப்புளம் உடைந்ததும் தெரியாது. இவர்களுக்கு அன்றாடம் போட எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்பு ஏற்றது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் அவருடன் பணிபுரிந்தவர்களும் தொழுநோயாளர்களின் உணர்ச்சியற்ற பாதங்களைக் காக்க இத்தகைய செருப்பைப் பயன்படுத்தி வழிகாட்டினர். பூட்ஸ் போட்ட நாளில் இவர்கள் மாலையில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

பழக்கமும் பராமரிப்பும்

புது பூட்ஸைப் புயலன்று முதன்முதலாகப் போடக் கூடாது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வாங்கி, முதலில் நாளைக்கு அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம் என்று போட்டுப் பழக வேண்டும். எங்கே கடிக்கிறது என்பது அப்போதே தெரியும்.

வேலை முடிந்ததும் வெளிப்புறச் சேற்றைக் கழுவ வேண்டும். உட்புறம் நனைந்திருந்தால் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். அடுப்பு ஓரத்திலோ கடும் வெயிலிலோ வைத்தால் ரப்பர் வெடிக்கும். இரண்டு குச்சிகளை நட்டுத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் தண்ணீரும் வடியும், தேளும் எளிதில் புகாது. ஆயினும் ஒவ்வொரு முறையும் தட்டி உதறிய பின்பே காலை நுழைக்க வேண்டும். நாள் முழுவதும் ஈரக் காலுடன் பூட்ஸுக்குள் இருந்தால் சேற்றுப்புண் வரும். கழற்றியதும் காலைக் கழுவி, விரல் இடுக்குகளைத் துடைத்து, உலர்ந்த உறையை மாற்றிக் கொள்ள வேண்டும்.

மருந்து தெளிக்கும்போது கால்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே திணித்தால் வழியும் மருந்து நேரே பூட்ஸுக்குள் இறங்கும். தோல் செருப்பு மருந்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும் என்பதால் இந்த வேலைக்கு ஆகாது.

பூட்ஸ் காக்காத இடங்கள்

பூட்ஸ் போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் அறுந்த மின்கம்பியின் அருகே போகவே கூடாது. ஈரமான, வெடித்த வேலை பூட்ஸ் மின்சாரத்தைத் தடுக்கும் என்று நம்புவது உயிருக்கு ஆபத்து. எட்ட நின்று, மற்றவர்களையும் தடுத்து, மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்ல வேண்டும். ஓடும் வெள்ளத்தில் பூட்ஸின் விளிம்புக்கு மேல் தண்ணீர் ஏறினால் பூட்ஸ் நிரம்பிக் காலை இழுக்கும். உடனே திரும்பிவிட வேண்டும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது உண்டு. அதற்குப் பூட்ஸ் உதவாது. கட்டிலும், நன்கு செருகிய கொசுவலையுமே காப்பு.

பூட்ஸ் பாம்புக்கடியைப் பெரும்பாலும் தடுத்தாலும் முழுக் காப்பு ஆகாது. ஆகவே இரவில் டார்ச்சும் தடியும் கையில் இருக்க வேண்டும். மீறிக் கடித்துவிட்டால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் கூடாது. பூட்ஸ், மெட்டி, கொலுசு போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கு இலவசம். ஆணி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற சில நாட்களில் காய்ச்சல் கண்டால், தண்ணீரில் நின்ற செய்தியை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

வாசலுக்கு அருகே ஓர் இடம்

வாங்கிய பூட்ஸ் பரணில் இருந்தால் பயனில்லை. வாசலுக்கு உட்புறம், கையெட்டும் இடத்தில், டார்ச்சுக்கும் தடிக்கும் பக்கத்திலேயே அது இருக்க வேண்டும். ஒரு ஜோடிக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால், இரவில் மோட்டார் போடவும் மாடு பார்க்கவும் போகிறவரின் காலுக்கு முதலில் வாங்க வேண்டும். அடுத்த அறுவடையில் வயலில் கூட உழைக்கும் இல்லத்தரசிக்கும் ஒன்று வாங்க வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிக்கத் தவறாத விவசாயி, தன் காலையும் அதே அக்கறையுடன் பேணுவது அவசியம்.