பிழை சொன்னால் மதிப்பெண்

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தருவதற்கு நிரல் என்று பெயர்.

கரையில் நின்றால் நீச்சல் வருமா? தண்ணீரில் இறங்க வேண்டும். நிரல் எழுதுவதும் அப்படித்தான். பயிற்சி செய்தால்தான் வரும். அதற்குப் பயிற்சிகள் உள்ள புத்தகம் வேண்டும்.

சின்னப் புத்தகம்

ஆலன் டௌனி அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஆசிரியராக இருந்தார். நிரல் எழுதக் கற்றுக் கொடுத்தார். பல மாணவர்கள் தேறவில்லை. பாடப் புத்தகம் மிகவும் பெரியது. மாணவர்கள் அதைப் படிக்கவில்லை.

1999-ஆம் ஆண்டு. வகுப்பு தொடங்க இரண்டு வாரமே இருந்தது. தானே ஒரு புத்தகம் எழுத முடிவு செய்தார். புத்தகம் சின்னதாக இருக்க வேண்டும். புதிய சொல் வந்தால் விளக்கம் இருக்க வேண்டும். எளியது முதலில், கடினமானது பிறகு. இப்படி எழுதினார். மாணவர்கள் படித்தார்கள்.

அந்தப் புத்தகத்தை இணையத்தில் வெளியிட்டார். யாரும் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம் என்று அனுமதி தந்தார்.

பிழை தேடிய மாணவர்கள்

ஜெஃப் எல்க்னர் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தார். இந்தப் புத்தகம் அவருக்குப் பிடித்தது. அது ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழிக்காக எழுதியது. அவர் அதைப் பைத்தான் என்ற மொழிக்கு மாற்றினார். 2001-இல் புதிய புத்தகம் வெளிவந்தது.

அவர் தன் மாணவர்களிடம் பிழைகளைத் தேடச் சொன்னார். அவர்கள் சொன்னதால் புத்தகம் திருந்தினால், கூடுதல் மதிப்பெண் கொடுத்தார். வெளியூர்க்காரர்களும் பிழைகளை எழுதி அனுப்பினார்கள். உதவியவர்களின் பெயர்கள் புத்தகத்தில் இடம்பெற்றன.

அச்சிட்ட புத்தகத்தில் பிழை இருந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இணையத்தில் உள்ள புத்தகத்தை அன்றே திருத்தலாம்.

ஒரு பயிற்சி

"1 முதல் 10 வரை உள்ள எண்களைக் கூட்டு." சரியான விடை 55. ஆனால் புதிதாகக் கற்பவர் பலருக்கு 45 என்று வரும். ஏன்? பைத்தானில் 1, 10 என்று எல்லை கொடுத்தால், அது 9-உடன் நின்றுவிடும். 10-ஐச் சேர்க்காது. 11 என்று கொடுக்க வேண்டும்.

நன்றாகத் தெரிந்தவருக்கு இந்த இடம் கண்ணில் படாது. தடுமாறியவர் சொன்னால்தான் தெரியும். உடனே அந்த இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம். அடுத்து வருபவர் தடுமாற மாட்டார்.

எனவே, புரியவில்லை என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம். அது புத்தகத்துக்கு நாம் செய்யும் உதவி.

விடை சொல்லுங்கள்

1. டௌனி ஏன் புதிய புத்தகம் எழுதினார்?
2. எல்க்னர் எதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுத்தார்?
3. 1 முதல் 5 வரை கூட்டினால் என்ன வரும்? 5-ஐ விட்டுவிட்டால்?

செய்து பாருங்கள்

இந்தப் பாடத்தில் உங்களுக்குப் புரியாத இடம் எது? அதன் கீழே கோடு போடுங்கள். மையத்தில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.