நூல்வழி அறிந்த போஸ்னியா

ஒரு தேயத்தைப் பற்றி முதலிற் படித்த நூலே அத்தேயத்தின் முழு வரலாறு என மயங்குதல் மாணவர்க்கு இயல்பு. போஸ்னியாவைப் பொறுத்தவரை அம்மயக்கம் எமக்கும் நேர்ந்தது.

இவோ ஆந்திரிச் 1945-இல் வெளியிட்ட ‘டிரினா ஆற்றுப் பாலம்’ என்னும் நவீனமே யாம் முதலிற் கற்றது. விசேகிராத் நகரில் 11 வளைவுகளுடன் நிற்கும் அக்கற்பாலத்தை எடுப்பித்தவர் மெகமத் பாஷா. அவர் அப்பகுதிக் கிறிஸ்தவக் குடியிற் பிறந்து, இளமையிற் கவரப்பட்டு, துருக்கிப் பேரரசின் முதலமைச்சராய் உயர்ந்தவர். முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் யூதரும் அப்பாலத்தில் அளவளாவியதையும் பகைத்ததையும் நூல் 1914 வரை விரித்துரைக்கின்றது. ஆயினும் தம் முன்னோரை அது கொடியோராய்க் காட்டுவதாகப் போஸ்னிய முஸ்லிம்கள் பலர் குறை கூறுவர்.

அக்குறையின் ஆழம், 1992-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பிற நூல்களிற் படித்த பின்னரே எமக்கு விளங்கிற்று. அவ்வாண்டில் விசேகிராத் முஸ்லிம்கள் பலர் செர்பியப் படையினராற் பாலத்தின் மீதே கொல்லப்பட்டு ஆற்றில் எறியப்பட்டனர். மகளிரும் குழந்தைகளும் வீடுகளில் அடைத்து எரிக்கப்பட்டனர். அந்நகரத்துக் கொலைகளுக்காக ஹேக் நகரத்துப் பன்னாட்டு நீதிமன்றம் 2009-இல் இருவரைத் தண்டித்தது.

கொன்றோர் கிறிஸ்துவின் நாமம் தரித்த மரபினர். இதனை எழுத எம் கை கூசுகின்றது. ஆயினும் எழுதாது விடுதல் பொய்யாகும். நவீனம் எமக்குப் பாலத்தைக் காட்டிற்று. நீதிமன்றத் தீர்ப்பு அந்நகரில் மடிந்தோரைக் காட்டிற்று. ஆதலின், தோழர்காள், ஒருவர் எழுதிய நூலை மூடியவுடன், அதனாற் புண்பட்டோர் கூறுவதையும் தேடிப் படிப்பீராக.