விபத்தில் காயமடைந்தவருக்கு முதலுதவி

மாணவர்களே, குருவிட்ட பிரதேசத் தோட்டங்களில் மலையில் கொழுந்து பறிப்பவர் சறுக்கி விழுந்தால், தண்ணீர் பருக்கித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். இரண்டும் கூடாது. நினைவு மங்கியவரின் சுவாசக்குழாய்க்குள் தண்ணீர் செல்லலாம். முள்ளந்தண்டு முறிந்திருந்தால் தூக்கும்போது முண்ணாண் சேதமடையலாம்.

இடம் பாதுகாப்பானதா எனப் பார்த்து, 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். 2016 இல் தொடங்கிய இலவசச் சேவை இது. தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிஷனையும் கொழும்பு–இரத்தினபுரி வீதியிலிருந்து வரும் வழியையும் கூறுங்கள்.

பலர் காயமடைந்திருந்தால், கத்துபவரைவிடச் சத்தமின்றிக் கிடப்பவரையே முதலில் பாருங்கள். பீறிடும் குருதியைத் துணியால் அழுத்துங்கள். நனைந்தால் அகற்றாது மேலே இன்னொன்றை வையுங்கள். சுவாசத்தை 10 செக்கனுக்குள் அவதானியுங்கள். இல்லையேல் மார்பை நிமிடத்துக்கு 100–120 தடவை அழுத்துங்கள்.

வினா: முறிந்த காலுக்கு முன் சுவாசத்தைக் கவனிப்பது ஏன்?
விடை: ஒட்சிசன் இன்றேல் மூளை சில நிமிடங்களில் பாதிக்கப்படும்.