புது வருஷத் தீர்மானமும் ஒரு கட்டிலும்



டிசம்பர் 31 இராத்திரி ஆராதனையில் கண்ணீரோடு தீர்மானம் எடுக்கிறோம். பொங்கலுக்குள் அது போன இடம் தெரியாது. ஊழியக்காரனாகிய நானும் அப்படித்தான். போன வருஷம் டைரியில் பத்து எழுதினேன். ஒன்பது என்னவென்றே மறந்துபோச்சு.

நம்ம மேல்விஷாரத்துக்குப் பக்கத்தில், வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மா செய்ததைப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இராத்திரியில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மரித்தார்கள். ஆண் டாக்டர் பார்க்கக்கூடாதென்று வீட்டார் மறுத்துவிட்டார்கள். அந்தத் துக்கத்தில் பிறந்தது ஒரே தீர்மானம்: நான் டாக்டராக வேண்டும். 1900-ல் ஒரே கட்டிலோடு ஆரம்பம். 1909-ல் நர்ஸ் பள்ளி. 1918-ல்தான் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பதினெட்டு வருஷம்!

லூக்கா 14:28-ல் கோபுரம் கட்டுகிறவன் முதலாவது உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறான். அது அவிசுவாசமல்ல. யாக்கோபு 4:15-ஐயும் சேர்த்து வாசியுங்கள்.

தோல் ஷாப்பு சகோதரருக்குத் தெரியும்: சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊற வேண்டிய நாள் ஊறணும். அவசரப்பட்டு எடுத்தால் முடி போகாது.

இந்த வருஷம் ஒன்றே ஒன்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்கும் தெரியாமல் வாங்கின வட்டிக் கடனை டிசம்பருக்குள் அடைக்கணும். ரோமர் 13:8 பிரசங்கிக்க எனக்கு வாய் வரவில்லை. முதலில் மனைவியிடம் சொன்னேன், பிறகு சபையில். மாதாமாதம் மூப்பர் ஒருவர் என் நோட்டை வாங்கிப் பார்க்கிறார்.