தெளுவும் திராட்சை ஒயினும்: ஒரு விரல் சுண்ணாம்பு சொல்லித்தரும் பாடம்

வெயில் காலம் வந்துட்டா நம்ம கோபி பக்கம் ரோட்டோரத்துல ஓலைப் பந்தல் போட்டு தெளுவு விப்பாங்க. மத்த ஊர்ல பதநீர்னு சொல்றதுதான் நம்ம கொங்கு நாட்டுல தெளுவு. ஓலைப் பட்டையில வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு போன் பார்த்துட்டு நின்னா, விக்கிறவர் சும்மா விட மாட்டார். “தம்பி, சீக்கிரம் குடிச்சுருங்க. நேரமாச்சுன்னா புளிச்சுப் போயிருமுங்க.”

ஏன் புளிக்கிறது? இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு செமஸ்டர் உயிர்வேதியியல் இருக்கிறது.

மரம் ஒன்று, பானம் இரண்டு

பனம்பாளையைச் சீவினால் சொட்டுவது இனிப்பு நீர். அதில் சர்க்கரை ஏறக்குறைய 12 சதவீதம், பெரும்பகுதி சுக்ரோஸ். கலயத்தில் விழுந்த அடுத்த நிமிடமே காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். முதலில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆகும். பிறகு அந்தச் சர்க்கரை மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு எத்தனாலாகவும் இரண்டு கார்பன் டை ஆக்சைடாகவும் பிரியும். நுரை பொங்குவது இந்த வாயுவால்தான். கூடவே லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைக் கூட்டும். இதுதான் கள்.

அதே கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கதை மாறுகிறது. கால்சியம் ஹைட்ராக்சைடு, நீரின் பி.எச். அளவைக் காரப் பக்கம் ஏற்றிவிடும். அந்தச் சூழலில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது. சர்க்கரை சர்க்கரையாகவே இறங்கும். இதுதான் தெளுவு. காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் ருசி கெடும். மரம் ஏறுகிறவர் பி.எச். மீட்டர் வைத்திருப்பதில்லை, விரலில் அளவு வைத்திருக்கிறார்.

ஒரு சின்னக் கணக்கு

180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 92 கிராம் எத்தனால், 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும். அதாவது பாதிக்குச் சற்று மேல்தான் ஆல்கஹால்.

ஒரு லிட்டர் பனநீரில் 120 கிராம் சுக்ரோஸ் என்று வைப்போம். அது உடையும்போது தண்ணீர் சேர்வதால் சுமார் 126 கிராம் எளிய சர்க்கரை ஆகும். அதிலிருந்து 64 கிராம் எத்தனால். அடர்த்தி 0.789 என்பதால் கன அளவு ஏறக்குறைய 82 மில்லி. அதாவது 8 சதவீதம். ஆனால் நடைமுறையில் கள்ளில் 4 முதல் 6 சதவீதம்தான். மீதி எங்கே போச்சு? கொஞ்சம் சர்க்கரை நொதிக்காமல் நிற்கும். கொஞ்சம் லாக்டிக் அமிலமாகும். திறந்த கலயத்தில் ஆக்சிஜன் கிடைப்பதால், அசிட்டிக் அமில பாக்டீரியா கொஞ்சம் ஆல்கஹாலை வினிகராக்கிவிடும். அதனால்தான் கள்ளுக்கு ஆயுசு ஒரு நாள்.

நன்கு பழுத்த திராட்சைச் சாறில் லிட்டருக்கு 240 கிராம் சர்க்கரை இருக்கலாம். அதே கணக்கில் 15 சதவீதம் தாண்டும். சாறே அமிலத்தன்மை உள்ளது; பீப்பாயில் காற்றும் புகாது. அதனால் ஒயின் வருடக்கணக்கில் நிற்கிறது. வேதியியல் ஒன்றுதான், மூடி வைத்த விதம்தான் வேறு.

ஒரு தீவுக்குப் போய் வருவோம்

குரோஷியாவில், அட்ரியாட்டிக் கடலில் ஹ்வார் என்று ஒரு தீவு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்கர்கள் வந்து, கல் சுவர் எழுப்பி நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். அந்த ஸ்டாரி கிராட் சமவெளியில் இன்றும் திராட்சையும் ஆலிவும்தான் விளைகின்றன. 2008-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ‘ப்லாவாட்ஸ் மாலி’ என்ற கருந்திராட்சையைக் கடலோரச் சரிவுகளில் அங்குள்ள குடும்பங்கள் தலைமுறையாக வளர்த்து ஒயின் செய்கின்றன.

அப்படிக் காப்பாற்றியதால் என்ன லாபம்? கலிபோர்னியாவின் புகழ்பெற்ற ‘ஜின்ஃபண்டெல்’ திராட்சைக்குப் பூர்வீகம் எது என்று நீண்ட காலம் தெரியவில்லை. ஸ்ப்ளிட் நகரத்துப் பக்கம் ஒரு பழைய தோட்டத்தில் மிஞ்சியிருந்த சில கொடிகளின் டி.என்.ஏ.தான் 2001-ல் விடை சொன்னது. ப்லாவாட்ஸ் மாலி அந்தக் கொடியின் வாரிசு என்பதும் தெரிந்தது. யாரோ ஒரு விவசாயி “இது எதுக்கு?” என்று பிடுங்கிப் போட்டிருந்தால் அந்த விடையே கிடைத்திருக்காது.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

நம்ம வரலாறு வேறு மாதிரி. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது; பெரியாரும் நாகம்மையாரும் கண்ணம்மாளும் அதில் முன்நின்றார்கள். 1937-ல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தது. நடுவில் சில ஆண்டுகள் கடைகள் திறந்தாலும், 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. வாளையாறு தாண்டினால் கேரளாவில் அது சட்டப்படியான தொழில். இங்கே கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் தொழில், இல்லாவிட்டால் வழக்கு. 2017-ல் தென்னையிலிருந்து நீரா இறக்க அரசு அனுமதித்தது. தடையை நீக்கணும்னு விவசாயிகள் ஒரு பக்கம் கேக்கறாங்க. குடியால் கெட்ட குடும்பங்களைப் பார்த்தவங்க வேண்டாம்ங்கறாங்க. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைத் தீர்க்க இந்தக் கட்டுரை வரவில்லை.

கவலை வேற இடத்துல. தெளுவுக்கு எந்தத் தடையும் இல்லை. ஆனா ஏற ஆள் இல்லை. ஒரு மரத்தை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறணும். விழுந்தா வாழ்க்கையே போச்சு. வருமானம் சில மாதங்களுக்குத்தான். தன் பையனும் இதைச் செய்யணும்னு எந்த அப்பா ஆசைப்படுவார்?

நாம செய்யக்கூடியது

மரம் ஏறும் கருவிதானே, மினி புராஜெக்ட்ல முடிச்சுரலாம்னு தோணும். கேரளாவில் செம்பேரி அப்பச்சன் உருவாக்கிய ஏறும் கருவி தென்னைக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் தேங்காய் பறிப்பதும் பாளை சீவுவதும் ஒன்றல்ல. மேலே போன பிறகு இடுக்கியால் பாளையை நசுக்கி, பதம் பார்த்து, மெல்லிசாகச் சீவ வேண்டும். அழுத்தம் கூடினால் பாளை வீணாகிவிடும். அந்த அழுத்தம் எத்தனை நியூட்டன்? சீவும் கனம் எத்தனை மில்லிமீட்டர்? சுண்ணாம்பு எத்தனை கிராம்?

காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், தென்னைக்கு ஐஸ் பெட்டி வைத்துச் சுண்ணாம்பே இல்லாமல் நீர் இறக்கும் முறையை உருவாக்கி, அதற்குக் ‘கல்பரசம்’ என்று பெயரும் வைத்தது. நொதித்தலைக் காரத்தால் நிறுத்துவதற்குப் பதில் குளிரால் நிறுத்துகிறார்கள். பனைக்கும் இதே கேள்வியை நாம் கேட்கலாம்.

அடுத்த லீவுல ஊருக்குப் போறவங்க, மரம் ஏறும் ஒரு பெரியவர்கிட்ட அனுமதி கேட்டு, ஒரு நாள் முழுக்கக் கூடவே நின்னு அளந்து எழுதிட்டு வாங்க. அந்த விரல் அளவு அவங்ககூடவே போறதுக்குள்ள நம்ம நோட்டுல ஏறணும். தெளுவு வாங்கினா உடனே குடிச்சுருங்க. ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.