பக்கத்து வீட்டுச் சத்தமும் மனுவில் எழுதும் பெயரும்

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரே சுவரை ஒட்டி நிற்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் முன்னறையில் ஷூ அப்பருக்குத் தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷின். அது ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடுத்த வீட்டுச் சுவர் அதிர்கிறது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் இது நள்ளிரவு வரை நடக்கும். தாங்க முடியாமல் புகார் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என் பேரு வெளியே வருமா?"

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இந்தத் தோல் வட்டாரத்தில் மெஷின் ஓட்டுகிறவரிடம்தான் நம் வீட்டு அக்கா ஜாப் ஒர்க் வாங்கித் தைக்கிறார். அவர் மச்சான் நம் தம்பி வேலை செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். குடியிருக்கும் வீடே அவர் சொந்தக்காரருடையதாக இருக்கலாம். புகார் கொடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் வாரக் கூலிக்கே ஆபத்து. அதனால் எந்த அலுவலகத்துக்கு அதிகாரம் அதிகம் என்று பார்ப்பதற்கு முன், எந்த வழியில் போனால் நம் பெயர் யார் யார் கைக்குப் போகும் என்று பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கில் வழிகளை ஒப்பிடுகிறது.

முதல் அடிக்கு முன்பே

"முதலில் நேரில் பேசிப் பாருங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. செவ்வாய்க்கிழமை நீங்கள் போய்ப் பேசி, அடுத்த வாரம் போலீஸ் வந்தால், மனுவில் பெயரே இல்லாவிட்டாலும் உங்களைத்தான் கை காட்டுவார்கள். ஒருமுறை வாய் திறந்த பிறகு மறைந்து நிற்க முடியாது. எனவே, பேசுவதா, பெயர் தெரியாமல் புகார் செய்வதா என்பதை முதல் அடி எடுத்து வைக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

சத்தம் போடுபவருக்கு உங்கள் மேல் எந்தப் பிடியும் இல்லையென்றால் தயங்காமல் பேசுங்கள். "பாய், ராத்திரி பத்து மணிக்கு மேல மெஷினை மட்டும் நிறுத்திக்கிறீங்களா? பாப்பாவுக்குப் பரீட்சை" என்று தொடங்கினால், மெஷினைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளிவைப்பது, அடியில் கனமான ரப்பர் ஷீட் போடுவது வரை பேச்சு போகும். அதிர்வுக்கு இவை இரண்டும் உண்மையான மருந்து. எந்த அதிகாரியும் இவ்வளவு சீக்கிரம் இதைச் செய்து தர மாட்டார்.

ஜமாத், ஊர்ப் பெரியவர், வார்டு கவுன்சிலர் வழியாகப் போவது இதன் நீட்சி. வேகம் அதிகம், ரகசியம் பூஜ்யம். மஹல்லாவில் இஷா தொழுகை முடிந்து பேசிய பேச்சு விடிவதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். ஆனால் பெரியவர் ஒருவர் "தெருவே சொல்லுது" என்று தன் வாயால் எடுத்துச் சொல்லச் சம்மதித்தால், பெயர் அவரோடு நின்றுபோக வாய்ப்பு உண்டு. அந்தச் சம்மதத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

போலீஸ்: இன்றைய இரவுக்கு மட்டும்

கல்யாண மண்டப டி.ஜே., மொட்டை மாடிப் பிறந்தநாள், தெரு முனை ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு 100 அல்லது 112-தான் சரி. ஒலி மாசு விதிகள், 2000-இன்படி, மூடிய அரங்குக்குள் மட்டும் கேட்கும்படி பயன்படுத்துவதைத் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக் காலத்துக்காக மாநில அரசு ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். போனில் இடத்தையும் சத்தத்தையும் சொல்லுங்கள். "என் பேரையும் நம்பரையும் அங்கே சொல்ல வேண்டாம்" என்று தனியாகவும் சொல்லுங்கள். உங்கள் எண் அவர்களிடம் பதிவாகும், ரோந்து வண்டியிலிருந்து திரும்ப அழைப்பு வரலாம். அப்போது "வீட்டுக்கு வெளியே வாங்க" என்றால் போக வேண்டியதில்லை. மண்டபம் எங்கே என்று போனிலேயே வழி சொல்லலாம்.

எழுத்து மூலம் ஸ்டேஷனில் மனு கொடுப்பது வேறு கதை. புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும், அது பின்னால் உதவும். ஆனால் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பதுதான் ஸ்டேஷன் வழக்கம். எதிர் நாற்காலியில் மெஷின்காரர் உட்கார்ந்திருப்பார். தினசரித் தொல்லைக்கு, அதுவும் பெயர் மறைய வேண்டும் என்பவர்களுக்கு, இந்த வழியை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

இந்த இடத்தில் பம்பாய் உயர் நீதிமன்றத்தைக் குறிப்பிட வேண்டும். குர்லா நேரு நகர், சுனாபட்டி குடியிருப்போர் தொடுத்த வழக்கில் 2025 ஜனவரி 23 அன்று அது தந்த உத்தரவு: ஒலிப் புகார் வந்தால் புகார்தாரர் யார் என்று கேட்காமலே போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும். அடையாளம் தெரிந்திருந்தாலும் எதிர்த்தரப்புக்குச் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டுப் போலீஸை அது கட்டுப்படுத்தாது. இருந்தாலும் நம் மனுவில் அதைச் சுட்டிக்காட்டி ரகசியம் கேட்பதில் தவறில்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்: மெஷின் சத்தத்துக்கு

டேனரி டிரம், ஜெனரேட்டர், கம்ப்ரஸர், கிளிக்கிங் மெஷின் என்று இயந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் நான் முதலில் யோசிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளரை. சாட்சி சொல்ல அங்கே மனிதர் வேண்டாம், டெசிபல் மீட்டர் போதும் என்பதே காரணம். அதோடு, வாரிய இசைவாணை பெற்று இயங்கும் ஆலைக்குள் வாரிய அதிகாரி எப்போது வேண்டுமானாலும் ஆய்வுக்குப் போகலாம். "புகார் வந்திருக்கிறது" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. மனுவிலேயே "வழக்கமான ஆய்வாக வந்து அளக்கக் கோருகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

எல்லைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. விதிப்படி புகார் செய்வதற்கு, அளவு இந்த எல்லையை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டியிருக்க வேண்டும். டேனரி மதிலை ஒட்டிப் பின்னால் வந்த வீட்டு மனைகளில் இங்கேதான் சிக்கல். உங்கள் தெரு எந்தப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து புகார் நிற்கலாம், விழலாம். முன்னறையில் ஒற்றை மெஷின் வைத்திருப்பவருக்கு வாரிய இசைவாணையே இருக்காது. அவர் விஷயம் நகராட்சித் தொழில் உரிமத்துக்குள் வரும். நகராட்சி அலுவலகம் நம் தெருவுக்கு ரொம்பப் பக்கம், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெயர் காப்பாற்றப்படும் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

மொட்டைக் கடுதாசி போடலாமா? போடலாம். மதிப்பு குறைவு. ஆனால் தெருப் பெயர், கதவு எண், மெஷின் வகை, ஓடும் நேரம் எல்லாம் துல்லியமாக இருந்தால் ஒரு ஆய்வுக்காவது அது வழி செய்யும்.

கலெக்டர் மனுவும் கோட்டாட்சியரும்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் எல்லோருக்கும் பழக்கமான வழி. 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், மேல்விஷாரம்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், பேரணாம்பட்டு, குடியாத்தம்காரர்கள் வேலூருக்கும் போக வேண்டும். மனு எண் கிடைக்கும், பதிலும் வரும். ஆனால் ரகசியத்துக்கு இது மோசமான வழி. கலெக்டர் ஆபீஸிலிருந்து தாலுகா, அங்கிருந்து வி.ஏ.ஓ. அல்லது ஸ்டேஷன் என்று அந்தத் தாள் இறங்கி வரும். கடைசியில் பெயர், முகவரி, செல் நம்பரோடு அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிர் வீட்டு வாசலில் நிற்பார். முதல்வரின் 1100 எண்ணில் பதிவு செய்தாலும் கடைசியில் விசாரிப்பது உள்ளூர் அலுவலர்தான்.

வேறொரு வழியைப் பலரும் நினைப்பதில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி, ஒரு தொழில் சுற்றியிருப்பவர்களின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடாக இருந்தால், அதை நிறுத்தவோ ஒழுங்குபடுத்தவோ கோட்டாட்சியர் உத்தரவிடலாம். போலீஸ் அறிக்கையோ வேறு வழியில் வந்த தகவலோ போதும், தனி ஒருவர் வழக்காளியாக நிற்க வேண்டியதில்லை. தொல்லை உங்கள் ஒரு வீட்டோடு நில்லாமல் தெருவுக்கே பொதுவாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

சங்கத்தின் பெயரில்

பெயரை மறைக்கப் படும் பாட்டில் பாதியைப் பெயரைப் பலரோடு சேர்ப்பதில் செலவிட்டால் பலன் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். இந்த மண்ணிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. பாலாற்றைக் கெடுத்த டேனரிக் கழிவுக்கு எதிராக 1991-இல் உச்ச நீதிமன்றம் போன வழக்கின் பெயர் வேலூர் குடிமக்கள் நல மன்றம். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாக்கியது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இந்தியாவில் சட்டம் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள், அவர்கள் மனதில் நிற்பது மன்றத்தின் பெயர். ஊரின் பாதி வருமானம் எந்தத் தொழிலில் இருக்கிறதோ அந்தத் தொழிலையே எதிர்த்து நின்றபோது ஒரு மன்றம்தான் முன்னால் நின்றது.

சத்தத்துக்கே நேரடியான வழக்கு சென்னையில் உண்டு. கே.கே.ஆர். நகரில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி, இசைக்கருவிச் சத்தத்தை எதிர்த்துப் போனது கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம். சிறுபான்மை மதத்தை முடக்கும் உள்நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் பிரார்த்திக்கச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று கூறி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தனி ஆள் வழக்கு போட்டிருந்தால் அந்த உள்நோக்கப் பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். நம் ஊர்களில் கோயில், மசூதி, தேவாலயம் எதன் ஸ்பீக்கரானாலும், மனுவில் இருக்கும் ஒற்றைப் பெயரை வைத்தே மதச் சண்டை ஆக்கிவிடுவார்கள். இத்தகைய மனுவில் எல்லா மதத்துப் பெயர்களும் கலந்து இருக்க வேண்டும். அப்படி முடியாவிட்டால் மனுவே வேண்டாம், 100-க்குப் போன் போதும்.

சங்கம் இல்லாத தெருவில் என்ன செய்வது? அக்கம்பக்கம் ஐந்தாறு வீடுகள் சேர்ந்து கையெழுத்திடுங்கள். மெஷின்காரரிடம் கூலி வாங்கும் வீட்டை அதில் இழுக்காதீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரோ வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகளின் பெற்றோரோ முதல் கையெழுத்துப் போடட்டும். உங்கள் தெரு வேலூரில் சி.எம்.சி. போன்ற மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குள் என்றால், அரசு அதை அமைதி மண்டலமாக அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவமனையே புகார் செய்ய முழு நியாயம் இருக்கிறது, அவர்களைக் கேளுங்கள்.

எழுதும்போதும் பதிவு செய்யும்போதும்

பெயரை விட்டுவிட்டாலும் மனுவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். "எங்கள் படுக்கையறைச் சுவரை ஒட்டி மெஷின் ஓடுவதால் கைக்குழந்தை தூங்குவதில்லை" என்றால் அந்தத் தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடு ஒன்றோ இரண்டோதான். "இன்ன கதவு எண்ணில் இரவு 10 மணிக்கு மேல் கிளிக்கிங் மெஷின் ஓடுகிறது, தெருவின் இரு பக்கமும் கேட்கிறது" என்று எழுதுங்கள். உங்கள் ஜன்னலிலிருந்து எடுத்த போட்டோவைச் சேர்க்காதீர்கள். எந்த வீட்டிலிருந்து எடுத்தது என்று அந்தக் கோணமே சொல்லிவிடும். தெருவில் நின்று ஒலியை மட்டும் பதிவு செய்யுங்கள், தேதியும் நேரமும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். போன் ஆப் காட்டும் டெசிபல் துல்லியமான சான்று ஆகாது. வாரியத்தை வரவழைக்க அது போதும்.

அவர்கள் வீட்டுக்கும் அந்தரங்கம் உண்டு. சத்தத்துக்குச் சான்று என்று அவர்கள் முற்றத்தையும், அங்கே உட்கார்ந்து தைக்கும் பெண்களையும் வீடியோ எடுப்பது கூடவே கூடாது. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் அப்படியே. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு வீடியோவால் வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

மெஷினுக்கு உரிமம் இருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தபால் பெட்டி எண்ணை முகவரியாகத் தரலாம் என்று 2013-இல் அவிஷேக் கோயங்கா வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. இன்னும் எளிய வழி, வெளியூரில் இருக்கும் நண்பர் பெயரில் கேட்பது. அதே சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு உங்களுக்கும் கவசம். நீங்கள் ரகசியமாகக் கொடுத்த புகாரை எதிர்த்தரப்பு கேட்டு வாங்க முயன்றால், தகவல் தந்தவரை அடையாளம் காட்டும் விவரத்தை அலுவலகம் மறுக்கலாம். இதற்காகவே மனுவின் மேல் ஓரத்தில் "ரகசியமானது, மனுதாரர் அடையாளத்தை வெளியிட வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெயர் கசிந்து, வாசலில் வந்து யாராவது மிரட்டினால், அதற்கு மேல் ஒளியக் கூடாது. அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போய், சொந்தப் பெயரில், சத்தத்தைப் பற்றி அல்லாமல் மிரட்டலைப் பற்றித் தனிப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்குங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், குறைந்த வருமானக்காரர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். ஸ்டேஷனுக்குப் போகும்போதே அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.