பறவை எந்தப் பக்கம் பார்க்கிறது?



நம் கோவில் நற்கருணைப் பேழையின் கதவை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தன் நெஞ்சைத் தானே கொத்தி, அந்த இரத்தத்தால் குஞ்சுகளைப் பிழைப்பிப்பதாக முற்காலத்தார் நம்பிய ஒரு பறவை அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. மேல்நாட்டார் பெலிக்கன் என்பார்கள். நம்மவர் கூழைக்கடா என்பார்கள். நமக்காக இரத்தம் சிந்திய சேசுநாதருக்கு அது அடையாளம் என்று ஞானோபதேச வகுப்புச் சிறுவரும் சொல்வார்கள். ஆனால் அதன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? சென்ற ஞாயிறு பூசைக்குப்பின் சிலரிடம் கேட்டேன். பெரியவர்களே விழித்தார்கள்!

இதே பறவையின் தலையைப் பற்றிப் போர்த்துக்கல் தேசத்து அறிஞர்கள் பல தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். பழைய அச்சுப் புத்தகங்களை ஆராய்வது எப்படி என்பதற்கு அந்த வாதம் நல்ல பாடம். அதை இந்த வாரம் பார்ப்போம்.

1. ஒரே ஆண்டு, இரண்டு பறவைகள்

வாஸ்கோ ட காமாவின் கடற்பயணத்தைப் பாடிய மகாகவி கமோயிஸ். அவருடைய "லூசியாடஸ்" காவியம் 1572-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில், அந்தோனியோ கொன்சால்வஸ் என்பவரது அச்சகத்தில் வெளிவந்தது. முகப்புப் பக்கத்துச் சித்திர வேலைப்பாட்டின் உச்சியில் ஒரு பெலிக்கன் இருக்கிறது. சில பிரதிகளில் அது நமக்கு இடப்புறமாகப் பார்க்கிறது. வேறு சிலவற்றில் வலப்புறமாகப் பார்க்கிறது. ஆண்டும் அச்சகமும் இரண்டிலும் ஒன்றே.

இதனால் என்ன? நற்கருணை அப்பம் சுடும் இரும்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அதில் எழுத்துக்கள் இடம் வலமாக மாறிச் செதுக்கப்பட்டிருக்கும், அப்பத்தில்தான் நேராக விழும். அச்சும் அப்படியே. அச்சான படத்தைப் புதிய மரக்கட்டையில் அப்படியே வரைந்து செதுக்கினால், அடுத்த முறை படம் திசைமாறி விழும். ஆகவே தலை திரும்பிய பறவை, புதிதாக ஒரு கட்டை செதுக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி. உள்ளேயும் வேற்றுமை உண்டு. முதற் பாட்டின் ஏழாம் அடியில், ஒரு வகைப் பிரதியில் "உம்" என்று பொருள்படும் ஒற்றை எழுத்து நிற்கிறது. மற்றதில் அது இல்லை.

இவை இரண்டு பதிப்புக்களா? ஒன்று, பின்னாளில் பழைய ஆண்டைப் போட்டு அடித்ததா? அல்லது அச்சிடும்போதே நேர்ந்த மாறுதல்களா? விவாதம் நெடுங்காலம் நடந்தது. டேவிட் ஜாக்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 29 பிரதிகளை ஒன்றுசேர்த்து, ஒப்பிட்டுப் பார்க்கும்படி 2003-இல் வெளியிட்டார். ஏன் அத்தனை பிரதிகள்? அக்காலத்தில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை கண்டால் நிறுத்தித் திருத்துவார்கள். முன்பே அச்சான தாள்களைத் தள்ளிவிட மாட்டார்கள். காகிதம் விலை மிகுந்த பொருள். திருந்தியதும் திருந்தாததும் கலந்தே புத்தகமாகும். எனவே ஒரே அச்சகத்தில் ஒன்றாகப் பிறந்த இரு பிரதிகளும் இரட்டைப் பிள்ளைகளைப்போல ஒத்திருந்தாலும், தாய்க்குத் தெரியும் வித்தியாசம் இருக்கும். ஒரே பிரதியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாகாது.

2. யாரும் படிக்காத பக்கங்கள்

ஸ்பெயினுக்கு வருவோம். அங்கே காஸ்டில் இராச்சியத்தில் 1558-இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அச்சிடும் உத்தரவு, பிழைதிருத்தச் சான்று, விலைச் சான்று ஆகியவை புத்தகத்தின் முன்பக்கங்களில் இருக்கவேண்டும். கதை படிக்க விரும்புகிறவர் அவற்றைப் புரட்டித் தள்ளிவிடுவார். ஆராய்கிறவரோ அங்கேதான் முதலில் கண்வைப்பார்.

செர்வாண்டிஸ் எழுதிய "டான் குயிக்சாட்" மாட்ரிட் நகரில் ஹுவான் தெ லா குவெஸ்தா அச்சகத்தில் அச்சாயிற்று. முகப்பில் 1605 என்று இருக்கிறது. பிழைச் சான்றின் தேதி 1604 டிசம்பர் 1. விலைச் சான்றின் தேதி டிசம்பர் 20. தாள் ஒன்றுக்கு மூன்றரை மரவேடிக் காசு. புத்தகத்தில் 83 தாள்கள். ஆக 290½ மரவேடி. சிறுவர்களே, பெருக்கிப் பாருங்கள்! அதுவும் பைண்டு செய்யாத வெறும் தாள்களுக்கு விலை. தாள்களை எண்ணி விலை போடவேண்டுமானால் கதை முழுதும் முன்பே அச்சாகியிருக்கவேண்டும் அல்லவா? ஆகவே புத்தகத்தில் முதலில் நிற்கும் பக்கங்களே கடைசியில் அச்சானவை.

குறிப்பிடத்தக்க பிழை இல்லை என்று அதிகாரி சான்று தந்தார். ஆனால் கதையில் சாஞ்சோவின் கழுதை காரணம் சொல்லாமலே காணாமற்போகிறது; பிறகு சொல்லாமலே திரும்பி வருகிறது! அதே ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் கழுதை திருடுபோன கதையைச் சேர்த்தார்கள். 1615-இல் வந்த இரண்டாம் பாகத்தில், அச்சடித்தவரின் கவனக்குறைவாக இருக்கலாம் என்று சாஞ்சோவே சொல்கிறான். சான்று இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்று இதனால் அறிகிறோம்.

3. வெட்டும் கை

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அக்காலத்துப் புத்தகங்களைத் திருச்சபையின் பெயரால் சோதித்தார்கள். 1572-இல் "லூசியாடஸ்" காவியத்தைச் சோதித்தவர் பர்த்தொலொமேயு ஃபெரேரா என்னும் சாமிநாதர் சபைக் குருவானவர். புறமதத் தேவதைகள் காவியத்தில் வருவது கவிதை அலங்காரமே, அதனால் தீங்கில்லை என்று அவர் அனுமதி கொடுத்தார். ஆனால் 1584-ஆம் ஆண்டுப் பதிப்பில் பல இடங்களை வெட்டியும் மாற்றியும் சிதைத்தார்கள். முதற்பதிப்புப் பிரதிகள் தப்பிப் பிழைத்தபடியால்தான் எதை வெட்டினார்கள் என்று உலகம் அறிந்தது.

அந்த 1584 பதிப்புக்கு ஒரு வேடிக்கையான பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. செசிம்பரா என்னும் கடற்கரை ஊரைக் கவி "மீன் வளமுள்ளது" என்று பாடினார். உரை எழுதியவரோ அச்சொல்லைப் "பிஷ்கு" என்னும் சிறு பறவையோடு குழப்பி, அங்கே அப்பறவைகள் கூட்டமாய்க் கூடும் என்று விளக்கம் கொடுத்தார். அன்றுமுதல் அது "பிஷ்குப் பதிப்பு"! தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதினால் மீனும் பறவையாகிவிடும்.

4. ஒரே ஒரு பிரதி

இந்த ஆராய்ச்சி நமக்கு அந்நியமானதன்று. 1554-இல் லிஸ்பனில் ஜெர்மாவோ கலார்து என்பவர் போர்த்துக்கேய மொழியும் தமிழும் சேர்ந்த ஜெபப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். தமிழ்ச் சொற்கள் உரோமை எழுத்தில் இருக்கின்றன. அதற்கு உழைத்த நம் நாட்டார் மூவரின் பெயர்கள் தெரியும்: விசென்தே தெ நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா தா குரூஸ். தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சாகும் 1578-க்கு அது 24 ஆண்டு முந்தியது. சேவியர் தனிநாயகம் அடிகளார் 1958-இல் இத்தகைய முதல் தமிழ் அச்சு நூல்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 1554 நூலின் அறியப்பட்ட பிரதி ஒன்றே ஒன்று. அது லிஸ்பன் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. அதையும் யாரோ ஒருவர் "பழைய காகிதம்" என்று அடுப்பில் போட்டிருந்தால்?

5. என் பிழை

சில ஆண்டுகளுக்குமுன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, ஒரு பாட்டியம்மாள் தம் தாயாரின் ஜெபப் புத்தகத்தைப் பைண்டு செய்து தரக் கேட்டார்கள். முதல் நான்கு ஏடுகள் செல்லரித்திருந்தன. "அவற்றை எடுத்துவிட்டு வெள்ளைத்தாள் வையுங்கள்" என்று பைண்டரிடம் நான்தான் சொன்னேன். புத்தகம் புதிதுபோல் வந்தது. அம்மாள் முதல் பக்கத்தைத் திறந்து, "சாமி, எங்க ஆத்தா கையால எங்க பேரெல்லாம் எழுதி வச்சிருந்துச்சே?" என்றார்கள். அந்த ஏடுகள் எரிந்து மூன்று நாளாகியிருந்தது. பங்குப் பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதிகள் கிடைத்தன; ஆத்தாவின் கையெழுத்து கிடைக்கவில்லை. "பரவாயில்லை சாமி" என்று அவர்கள் சொன்ன சொல் இன்றும் என்னைக் குத்துகிறது.

ஆகவே குடும்பத்தாரே, பரணிலோ பெட்டியிலோ பழைய ஜெபப் புத்தகம், பாட்டுப் புத்தகம் இருந்தால், வரும் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் கொண்டுவாருங்கள். யாரிடமும் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். முகப்பு, ஆண்டு, அச்சகம், ஓரத்தில் எழுதிய பெயர்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம். அதுவரை ஒன்றையும் கத்தரிக்காதீர்கள், பசைநாடா ஒட்டாதீர்கள், எரிக்காதீர்கள்.

வீட்டில் பேசிக்கொள்ள:

1. திசைமாறிய பறவை எதற்குச் சாட்சி?
2. புத்தகத்தின் முதற்பக்கங்கள் ஏன் கடைசியில் அச்சாயின?
3. நம் வீட்டிலுள்ள மிகப் பழைய புத்தகம் எது? அதன் முதல் ஏட்டில் யார் கையெழுத்து இருக்கிறது?

இன்று கோவிலை விட்டுப் புறப்படுமுன் பேழைக் கதவை ஒருமுறை பார்த்துச் செல்லுங்கள்.

ஆசீருடன்,
உங்கள் பங்குச் சுவாமி